நூல் பிடித்த மாதிரி

ஒரு காரியம் பிசகில்லாமல் நடந்தால் 'நூல் பிடித்த மாதிரி' என்கிறோம். எந்த நூல், யார் பிடித்தது என்று யோசித்திருக்கிறீர்களா? தச்சர்கள் பிடித்த நூல் அது. சாயத்தில் தோய்த்த நூலை மரத்தின் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் இழுத்துப் பிடிப்பார்கள். நடுவில் லேசாகத் தூக்கிச் சுண்டிவிட்டால் பட்டென்று கோடு விழும். இழுத்துக் கட்டிய நூலுக்குக் கோணத் தெரியாது. கோடு அவ்வளவு நேராக இருக்கும்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். கோடு நேராக விழுந்துவிட்டது. அதன் மேல் ரம்பம் நேராகப் போக வேண்டுமே!

உங்கள் வீட்டில் எப்போதாவது அலமாரியோ சமையலறை கப்போர்டோ செய்திருப்பீர்கள். எட்டுக்கு நாலு பிளைவுட் வந்து இறங்கியிருக்கும். மில்லிமீட்டரில் 2440-க்கு 1220. முக்கால் அங்குலம் என்று நாம் சொல்கிற 18 மி.மீ. கனத்தில் ஒரு பலகை 30 கிலோவைத் தாண்டும். அதைத் தூக்கிப்போய் ஒரு சின்ன மேஜை ரம்பத்தில் தள்ளி அறுப்பது ஒற்றை ஆளால் ஆகாது. ஆகவே பலகையைத் தரையில் போட்டு, கட்டர் மிஷினைக் கையில் பிடித்து, பென்சில் கோட்டின் மேல் ஓட்டுகிறார்கள். எட்டு அடி நீளம். குனிந்த முதுகு, கண்ணில் தூள், காலில் சுற்றும் ஒயர். நடுவில் எங்கோ கை ஒரு நூலளவு விலகுகிறது. விலகினதை உணர்ந்து திருப்பும்போது அந்தப் பக்கம் ஒரு நூல் போகிறது. வெட்டின ஓரத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் காவிரி ஆறு மாதிரி வளைந்து வளைந்து தெரியும்.

அந்தப் பலகையில் செய்த இரண்டு கதவுகளை அருகருகே மாட்டினால் மேலே ஒட்டும், கீழே விரல் நுழையும். 'மரம் அப்படித்தான் சார், மழைக்காலத்துல உப்பும்' என்பார்கள். மரம் பாவம், அதற்கு வாய் கிடையாது.

இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. கைடு ரெயில் என்கிறார்கள். ஜெர்மனியில் ஃபெஸ்டோ என்ற கம்பெனி 1960-களில் கொண்டுவந்தது. அதன் வாரிசு இன்று ஃபெஸ்டூல் என்ற பெயரில் விற்கிறது. மகீட்டா, போஷ், டிவால்ட் என்று எல்லோரும் இப்போது செய்கிறார்கள். நான் இதைத் தண்டவாளம் என்றே சொல்லப்போகிறேன், ஏனென்றால் அது தண்டவாளம்தான். நீளமான அலுமினியப் பட்டை. முதுகில் ஒரு வரப்பு. ரம்பத்தின் அடித்தட்டில் அதற்கேற்ற பள்ளம். பள்ளம் வரப்பில் உட்கார்ந்துவிட்டால் ரம்பத்தால் முன்னே போக முடியும், பின்னே வர முடியும், பக்கவாட்டில் அசைய முடியாது. பட்டையின் அடியில் வழுக்காத ரப்பர் பட்டிகள். வேண்டுமானால் இரண்டு கிளாம்ப்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சமாசாரம், ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய ரப்பர் விளிம்பு. புதிதாக வாங்கும்போது அது வேண்டியதைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கும். உங்கள் ரம்பத்தை முதல் முறை ஓட்டும்போது அந்த விளிம்பையே சீவிவிடுகிறது. அதற்குப் பிறகு விளிம்பு எங்கே முடிகிறதோ, அங்கேதான் வெட்டு விழும். கணக்குப் போடவே வேண்டாம். விளிம்பைப் பென்சில் குறிமேல் வைத்தால் முடிந்தது. மேல்பரப்பை அமுக்கிப் பிடித்துக்கொள்வதால் சன்மைக்கா சில்லுச் சில்லாகப் பெயர்வதும் குறைகிறது. ஆனால் அடுத்தவன் ரம்பத்தை அதே தண்டவாளத்தில் ஓட்டினால் கணக்குத் தப்பும். அவன் பிளேடு ஒரு மயிரிழை தள்ளி இருக்கலாம். ஒருவருக்காகச் சீவப்பட்ட விளிம்பு இன்னொருவருக்குப் பொய் சொல்லும்.

பணம் அதிகம் என்று தோன்றினால் பரவாயில்லை. நேரான ஒரு பிளைவுட் துண்டை இன்னொரு அகலமான மெல்லிய துண்டின் மேல் திருகி, கட்டரை அதை ஒட்டி ஒரு முறை ஓட்டி விளிம்பைச் சீவிக்கொண்டால் இதே தத்துவம் சில நூறு ரூபாயில் கைக்கு வந்துவிடும்.

சரி, இதில் தர்ம நியாயம் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது.

முப்பது வருஷம் கையால் அறுத்துப் பழகியவரிடம் இந்தத் தண்டவாளத்தைக் காட்டினால் முதலில் ஒரு முறை முறைப்பார். 'இதை வெச்சுக்கிட்டு யார் வேணும்னாலும் நேரா அறுக்கலாமே, அப்புறம் தொழில்காரன் எதுக்கு?' என்பார். இதைப் பொறாமை என்று தள்ளிவிடக் கூடாது. கோடு தவறவே முடியாதபடி கட்டிப்போட்டுவிட்டு, கோடு தவறவில்லை என்று ஒருவனைப் பாராட்டுவது எப்படி? லஞ்சம் வாங்க வழியே இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் லஞ்சம் வாங்கவில்லை என்றால், அவர் நேர்மையானவரா, அல்லது தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கிறாரா?

டேவிட் பை என்று லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மரச்சாமான் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்தவர் ஒருவர். 1968-ல் கைவேலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வேலையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, கடைசி நொடிவரை கெட்டுப்போகக்கூடிய வேலை. கை நடுங்கினால் போச்சு. இன்னொன்று, ஆரம்பிக்கும்போதே முடிவு தீர்மானமாகிவிட்ட வேலை. பேனாவால் எழுதுவது முதல் வகை, அச்சடிப்பது இரண்டாம் வகை. ஆனால் கைவினைஞர்கள் யாரும் வேண்டுமென்றே ஆபத்தைத் தேடிப்போனதில்லை என்பதையும் அவர் பார்த்தார். நூலும், மூலைமட்டமும், அணைத்துப் பிடிக்கும் கட்டையும் ஆபத்தைக் குறைக்க வந்தவைதாமே? முறைக்கிற நம் பெரியவர்கூட நூல் அடித்துத்தான் அறுக்கிறார். அவருடைய தாத்தாவின் தாத்தா நூலைப் பார்த்து முறைத்திருக்கலாம்.

ஆக, தண்டவாளம் திறமையைத் திருடுகிறது என்ற குற்றச்சாட்டு எனக்குப் பாதிதான் ஒப்பும். கையின் நடுக்கத்தை அது வாங்கிக்கொள்கிறது, நிஜம். ஆனால் அந்த வேலைக்குள்ளே எத்தனை முடிவுகள் இன்னும் மனிதனிடமே இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 1220 அகலப் பலகையை நாலு சம பட்டைகளாக அறுக்க வேண்டும். நாலால் வகுத்தால் 305. சந்தோஷமாக 305, 305, 305 என்று மூன்று அறுத்துவிட்டு நாலாவதை அளந்து பாருங்கள். 299-தான் இருக்கும். மீதி 6 மி.மீ. எங்கே? தரையில் தூளாகக் கிடக்கிறது. பிளேடுக்கும் கனம் உண்டு, சுமார் 2 மி.மீ. ஒவ்வொரு வெட்டும் தன் கூலியை மரத்திலேயே எடுத்துக்கொள்கிறது. நாலு அண்ணன் தம்பிகள் சொத்துப் பிரிக்கும்போது வக்கீல் செலவு, பத்திரச் செலவு, ரெண்டு வருஷம் பேசாமலிருந்த செலவு எல்லாம் கடைசியில் யாராவது ஒரு தம்பி தலையில் விடியுமே, அந்த மாதிரி. அறுக்கிறவன் வெட்டு தின்னப்போவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கோட்டின் எந்தப் பக்கம் தூளாகப் போக வேண்டும் என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும். தண்டவாளம் அதைச் சொல்லாது.

அப்புறம் அதன் துணைக் கருவிகள். ஒரே அகலத்தில் பட்டை பட்டையாக அறுக்க இரண்டு பக்கமும் அளவுக்கோல் கைகள் வருகின்றன. இரண்டையும் 300-ல் வைத்துப் பலகை ஓரத்தில் கொக்கி மாதிரி மாட்டினால் அளக்காமலே அறுத்துக்கொண்டு போகலாம். அருமை. ஆனால் ஒரு கை 300-லும் மறு கை 301-லும் நின்றுவிட்டால் எல்லாப் பட்டைகளும் ஒரு முனையில் அகலமாக, மறு முனையில் குறுகலாக வரும். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும், எல்லாமே தப்பாக. பலகையின் ஓரமே நேராக இல்லையென்றால் முதல் பட்டை கெட்டுவிடும். லாரியில் அடிபட்ட ஓரத்தை நம்பி மாட்டினால், முதல் பட்டை அந்த அடியையும் சேர்த்துத்தான் வரும். அதனால்தான் தெரிந்தவர்கள் முதலில் ஓரத்தில் ஒரு கீற்று எடுத்துப் புது ஓரம் உண்டாக்கிக்கொள்வார்கள்.

குறுக்கே செங்கோணத்தில் அறுக்க இன்னொரு சாதனம் உண்டு. தண்டவாளத்தில் மாட்டி, பலகை ஓரத்தோடு அணைத்தால் 90 டிகிரியில் நிற்கும். அணைகிற பகுதி 100 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு நுனியில் கொஞ்சம் மரத்தூள் சிக்கிவிட்டது. ஜெராக்ஸ் பேப்பர் ஒன்றின் கனம், 0.1 மி.மீ. அவ்வளவுதான். பலகையின் அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது அது 1.2 மி.மீ. ஆகியிருக்கும். ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாத தூள், முடிவில் மூடாத கதவு. கையால் அறுக்கிறவனின் தப்பு வளைந்து நெளிந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். தண்டவாளத்தில் அறுத்த தப்பு மிக அழகாக இருக்கும். பளபளவென்று, நேராக, நம்பிக்கையாக.

இங்கேதான் தமிழ் என்னை இழுக்கிறது. நேர் என்பதிலிருந்துதான் நமக்கு நேர்மை. கோணல், கோட்டம் எல்லாம் மரத்துக்கும் மனசுக்கும் பொதுவான சொற்கள். ஒரு பக்கம் சாய்வதை ஓரவஞ்சனை என்கிறோம். ராஜாவின் நியாயத்துக்கே ஒரு நேரான கோலைத்தான் அடையாளமாக வைத்தார்கள். திருக்குறளில் 55-வது அதிகாரம் செங்கோன்மை, 56-வது கொடுங்கோன்மை. நிமிர்ந்த கோல், வளைந்த கோல். நம்மவர்கள் மட்டுமில்லை. கிரேக்கர்களின் 'கேனன்', ரோமானியர்களின் 'நார்மா', 'ரெகுலா' எல்லாமே கட்டுமானக்காரனின் கோலும் மட்டமும்தான். ரூல் என்றால் சட்டம், ரூலர் என்றால் அடிக்குச்சி. சட்டம் என்ற நம்முடைய சொல்லே ஜன்னல் சட்டத்துக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கும் பொதுவாக இருந்ததே! (தண்டனைச் சட்டம் 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா ஆகிவிட்டது. ஜன்னல் சட்டம் அப்படியே இருக்கிறது.)

எனவே நான் கேட்க விரும்பும் கேள்வி: விதி என்ற தண்டவாளத்தில் ஓடுகிறவனுக்குப் பொறுப்பு உண்டா?

ஒரு சாதாரண உதாரணம். ரேஷன் கடையில் கைரேகை வைத்தால்தான் அரிசி. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஒருவர் கார்டில் இன்னொருவர் வாங்குவதைத் தடுக்க வந்தது. ஆனால் ரேகை என்பது தோல்தானே. முப்பது வருஷம் பாத்திரம் தேய்த்த கை, சித்தாளாகக் கல்லும் மணலும் சுமந்த கை, இழைப்புளி பிடித்த கை... இவற்றில் ரேகை தேய்ந்துபோய்விடும். வயதானால் இன்னும் மங்கும். வாழ்நாளெல்லாம் உழைத்தவரைப் பார்த்து இயந்திரம் 'நீ யார்?' என்று கேட்கும். 'ரேகை விழலை பாட்டி, நாளைக்கு வாங்க' என்பார் கடைக்காரர். நாளைக்கும் விழாது. அவர் கெட்டவர் இல்லை. 'சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது, நான் என்ன பண்ணட்டும்?' அவர் பிளேடு தண்டவாளத்தை விட்டு ஒரு நூல்கூட விலகவில்லை. வெட்டு மகா நேர்.

கண்ணின் கருவிழியைப் பதியும் கருவி பல கடைகளுக்கு வந்திருக்கிறது. வர முடியாத முதியவர்களுக்குப் பதிலாக வேறொருவர் வாங்கிக்கொள்ள அத்தாட்சி தரும் ஏற்பாடும் இருக்கிறது. அதாவது விதியிலேயே வழி உண்டு. அந்த வழியைப் பாட்டியிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது ஒரு மனிதர். தண்டவாளத்தை எங்கே வைப்பது என்று பார்க்கிற வேலை அது. அந்த வேலையை இயந்திரம் செய்யாது, அவர் செய்யாவிட்டால் யாரும் செய்யப்போவதில்லை.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் விதியைத் தூக்கிப்போட்டுவிட்டு ஆளுக்கு ஆள் பார்த்து முடிவு செய்யலாமே' என்று கிளம்பிவிடாதீர்கள். ஆளைப் பார்த்து முடிவு செய்கிற லட்சணம் நமக்குத் தெரியாதா? தெரிந்தவர் என்றால் உட்கார நாற்காலி, தெரியாதவர் என்றால் க்யூவின் வால். பரீட்சை விடைத்தாளில் பெயரை மறைத்துத் திருத்துகிறார்கள் பாருங்கள், அதுவும் ஒரு தண்டவாளம்தான். திருத்துகிறவரின் கை எந்தச் சாதிக்கும் எந்தத் தெருவுக்கும் சாயாமல் பிடித்துக்கொள்கிறது. சிபாரிசுக்கு ஆள் இல்லாதவனுக்கு விதியைவிடப் பெரிய சிநேகிதன் கிடையாது. கைநடுக்கம் என்று மரவேலையில் சொல்வதைத்தான் ஆபீசில் தாட்சண்யம் என்கிறோம். அதைத் தண்டவாளம் எடுத்துக்கொள்ளட்டும். நான் தண்டவாளத்தின் கட்சி.

ஆனால் அது வாங்கிக்கொள்வது நடுக்கத்தை மட்டும்தான். பொறுப்பு எங்கேயும் போய்விடவில்லை, கொஞ்சம் முன்னால் நகர்ந்திருக்கிறது. கையால் அறுக்கும்போது எட்டு அடியும் பொறுப்பு. தண்டவாளத்தில் அறுக்கும்போது, அறுக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் இருக்கிற அந்த இரண்டு நிமிஷத்தில் மொத்தப் பொறுப்பும் வந்து குவிகிறது. எங்கே வைத்தேன், எந்த ஓரத்தை நம்பினேன், அடியில் தூள் இருக்கிறதா, வெட்டு விழுந்ததும் துண்டு சரிந்து பிளேடைக் கவ்வாதபடி பலகைக்குக் கீழே முழுக்கத் தாங்கல் கொடுத்தேனா. (கடைசியாகச் சொன்னது தத்துவம் இல்லை ஸார், விரல் சம்பந்தப்பட்டது. பிளேடு கவ்வப்பட்டால் ரம்பம் பின்னால் எகிறும். தண்டவாளம் போட்டிருக்கிறோம் என்று அது மரியாதை காட்டாது.) ஸ்விட்சை அழுத்தின பிறகு யோசித்துப் பிரயோஜனம் இல்லை. விதி எழுதுகிற மேஜையில் இருப்பவருக்கும் இதே கதைதான். அவர் ஒரு வரியை எங்கே வைக்கிறார் என்பதில் ஆயிரம் கடைகளின் வெட்டு தீர்மானமாகிவிடுகிறது.

சரி, தண்டவாளமே வளைந்திருந்தால்? நேராக இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? இன்னொரு நேரான கோலை வைத்து. அந்தக் கோல் நேர் என்று யார் சொன்னது? இப்படியே போனால் முடிவில்லாமல் போகும். தச்சர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், வேறு கோலே தேவையில்லை. ஒரு பலகையில் தண்டவாளத்தை வைத்து, கூரான பென்சிலால் விளிம்பை ஒட்டி ஒரு கோடு போடுங்கள். தண்டவாளத்தை அரைச்சுற்று திருப்பி, கோட்டின் எதிர்ப்பக்கத்தில் இருந்து அதே விளிம்பைக் கோட்டோடு சேர்த்து வைத்து இன்னொரு கோடு போடுங்கள். நேராக இருந்தால் இரண்டும் ஒன்றாகப் படியும். வளைந்திருந்தால் நடுவே மாவிலை மாதிரி ஓர் இடைவெளி தெரியும். அந்த இடைவெளி உண்மையான வளைவைப்போல் இரண்டு மடங்கு. குற்றத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அதுவும் தன்னைக்கொண்டே.

இதை வீட்டில் செய்து பார்க்கலாம். 'ராத்திரி 10 மணிக்கு மேல் யாரும் போனைத் தொடக் கூடாது' என்று பிள்ளைகளுக்கு ஒரு விதி போடுகிறீர்கள். நல்ல நேர்கோடு. அதைத் திருப்பி உங்கள் பக்கத்தில் வையுங்கள். 'ஆபீஸ் வாட்ஸ்அப் வருதே', 'இந்த ஒரு வீடியோ மட்டும்' என்று மாவிலை தெரிய ஆரம்பிக்கும். பதினாலு வயசுப் பையன் அந்த மாவிலையை எப்போதோ பார்த்துவிட்டான், மரியாதைக்குச் சொல்லாமல் இருக்கிறான். வேலைக்கார அம்மாவுக்கு நாம் போடும் லீவ் விதியை நம் ஆபீஸ் நமக்குப் போட்டால் எப்படியிருக்கும்? மருமகளுக்குப் போட்ட விதியை மகளுக்குத் திருப்பி வைத்தால்? நிறைய விதிகள் இந்தப் பென்சில் சோதனையைத் தாங்காது. விதி வேண்டாம் என்று அர்த்தமில்லை. அந்தத் தண்டவாளத்தை நிமிர்த்த வேண்டியிருக்கிறது.

இதன் அண்ணன் முறை ஒன்று இங்கிலாந்தில் உண்டு. ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்தவர். 1840-ல் கிளாஸ்கோ கூட்டம் ஒன்றில், உண்மையான சமதளத் தகடு செய்வது எப்படி என்று விளக்கினார். இரண்டு தகடுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்துச் சீவினால் ஏமாந்துவிடுவோம். ஒன்று லேசாகக் குழிந்தும் மற்றது லேசாகப் புடைத்தும் இருக்கலாம். கச்சிதமாகப் பொருந்தும், இரண்டுமே சமதளம் இல்லை. மூன்றாவதாக ஒரு தகடு வேண்டும். முதலாவதும் இரண்டாவதும், இரண்டாவதும் மூன்றாவதும், மூன்றாவதும் முதலாவதும் என்று மாற்றி மாற்றி ஒட்டிப் பார்க்க வேண்டும். மூன்றுமே எந்த ஜோடியிலும் பொருந்தினால்தான் சமதளம். புடைத்ததும் குழிந்ததும் கூட்டணி வைத்துக்கொண்டு இந்தச் சோதனையில் தப்பிக்க முடியாது.

எனக்கு இது தகட்டைப் பற்றி மட்டும் சொன்னதாகத் தோன்றவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒருமனதாக இருக்கிறார்கள் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் மேல் அவர்கள் சொல்லும் புகார் நியாயமாகிவிடாது. முதலாளியும் ஆடிட்டரும் கச்சிதமாகப் பொருந்துகிறார்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது. மூன்றாவது ஆள் யார், அவரை அழைத்து ஒட்டிப் பார்த்தார்களா? பாட்டி கதையிலும் கடைக்காரரும் இயந்திரமும் முழுசாக ஒத்துப்போகிறார்கள். மூன்றாவது தகடு, வாசலில் வெறும் பையோடு நிற்கிறது.

கடைசியாகச் சுவர். எல்லாம் நூல் பிடித்த மாதிரி அறுத்து, கப்போர்டும் நேராகச் செய்தாகிவிட்டது. இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் மேலே ஒட்டுகிறது, கீழே முக்கால் அங்குலம் இடைவெளி. கப்போர்டு கோணலா? மட்டம் வைத்துப் பாருங்கள், அது நேர். கோணல் சுவரில் இருக்கிறது. நம் வீடுகளில் 90 டிகிரி மூலையைத் தேடிப் பிடிக்க வேண்டும். பூச்சு வேலையில் அங்கங்கே தொப்பை. இந்த இடத்தில் தண்டவாளத்தால் ஒரு பயனும் இல்லை.

அரிஸ்டாட்டில் தன்னுடைய அறவியல் நூலில், நியாயத்தைப் பற்றிப் பேசும் ஐந்தாம் பகுதியில், லெஸ்போஸ் தீவுக் கட்டடக்காரர்களின் ஈயக் கோலைச் சொல்கிறார். ஈயம் மெத்தென்று இருப்பதால் கல்லின் வடிவத்துக்கேற்ப வளைந்து அளவு எடுக்கும். சட்டம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் பேச முடியும். பொதுவாகப் பேசுவதாலேயே சில இடங்களில் பொருந்தாமல் போகும். அங்கே ஈயக் கோல் வேண்டும் என்பது அவர் கட்சி. கவனியுங்கள், வீடு முழுவதையும் ஈயக் கோலால் அளக்கச் சொல்லவில்லை. இரும்புக் கோல் பொய் சொல்லும் இடத்துக்கு மட்டும்.

நல்ல தச்சர் செய்வதும் அதுதான். சுவருக்காகக் கப்போர்டைக் கோணலாக்க மாட்டார். அதை மட்டம் பார்த்து நேராகவே நிறுத்துவார். இடைவெளிக்கு ஒரு மெல்லிய பட்டியை எடுத்துச் சுவரோரம் நட்டமாகப் பிடிப்பார். பள்ளிக்கூட காம்பஸ் மாதிரி ஒன்றின் கூரான காலைச் சுவரில் வைத்து, பென்சில் காலைப் பட்டியில் வைத்து, மேலிருந்து கீழே மெதுவாக இழுத்துக்கொண்டு வருவார். சுவரின் தொப்பையும் பள்ளமும் அப்படியே பட்டியில் கோடாக இறங்கும். நூல் அடித்த கோடு இல்லை அது, வளைந்த கோடு. அதைக் கையால் அறுத்து, இழைப்புளியால் நாலு தள்ளு தள்ளி, சுவரோடு வைத்துப் பார்த்து, மறுபடி எடுத்து ஒரு தள்ளு. முன்பு முறைத்த அந்தப் பெரியவரைக் கூப்பிட வேண்டிய இடம் இது. அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, 'சுவரைக் கட்டுனது எந்த மேஸ்திரி சார்?' என்று கேட்டுக்கொண்டேதான் அறுப்பார்.